டிக்கியில் சிலிண்டர்

டங்.

மறுபடியும் இடித்தது. மடித்த சக்கர நாற்காலியைக் கணவன் இப்போது டிக்கிக்குள் குறுக்கே திருப்பிப் பார்க்கிறான் போலிருக்கிறது.

முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த அவள் திரும்பவில்லை. சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது.

டிக்கியில் பாதி இடத்தை, கார் ஓடுவதற்கான கேஸ் சிலிண்டர் பிடித்துக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம்தான் பொருத்தி முடித்தார்கள். சந்தனம், குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, புதுக் கார் வாங்கியவன் மாதிரி கொண்டுவந்து நிறுத்தினான்.

காருக்கு வயது பத்து.

ஸ்டியரிங் பக்கத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. பெட்ரோலில் கிளம்பும். சற்று நேரத்தில் தானாகவே கேஸுக்கு மாறிக்கொள்ளும். நேற்றிலிருந்து இதை அவளுக்கு நான்கு முறை விளக்கிவிட்டான்.

சிக்னலில்கூட என்ஜினை அணைக்கிற மனிதன். இன்று அதை ஓடவிட்டுவிட்டு நாற்காலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

கோபியில் இருக்கும் அவள் தங்கையின் பையனுக்குக் காதுகுத்து. பதினோரு மணிக்கு.

குழந்தையை அவள் போனில்தான் பார்த்திருக்கிறாள். மடியில் இருந்த அவனுக்கான சட்டைகூட அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லி வாங்கவைத்ததுதான்.

அவள் வெளியே போய் இரண்டு வருடம். ஆஸ்பத்திரியைக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே ஆஸ்பத்திரி ஆட்களே அவர்களுடைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"பெட்ரோல் விக்கற வெலைக்கு எங்க போறது?"

இரண்டு வருடமாக அவனுடைய பதில் இதுதான். கடைசியாகப் போன கல்யாணத்தில் யாரோ ஒரு பெரியவர் அவன் தோளைத் தட்டி, பாவம் உனக்கு இப்படியொரு பாடு என்றார். அவளுக்கும் கேட்டது.

அதற்கப்புறம்தான் பெட்ரோல் விலை ஏற ஆரம்பித்தது.

இன்று காலையில் அவள் கேட்டாள். இப்பக் கேஸுதானுங்களே, போலாமா? அவன் எழுந்து சட்டையை மாட்டினான்.

டங்.

போன வாரம் கேஸ் பொருத்தும் கடையிலிருந்து போன் வந்தபோது அவள் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினான்.

"டிக்கியில சாமான் ஏதாச்சும் வெப்பீங்களா?"

"ஒண்ணும் வெக்கறதில்லீங்க."

யோசிக்காமல் சொன்னான். பொய்யும் இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

நாற்காலியை அப்போதே ஞாபகப்படுத்தியிருக்கலாம். அவனாக நினைத்துப் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டாள். இன்று நினைப்பான், நாளை நினைப்பான் என்று நாலு நாள் போயிற்று. காரும் போய், சிலிண்டரோடு திரும்பி வந்தது.

டிக்கி மூடும் சத்தம் கேட்டது.

அவன் அவள் பக்கம் வந்து ஜன்னலில் குனிந்தான். முகமெல்லாம் வியர்வை. கொஞ்சம் நிம்மதியும் தெரிந்தது. எதையும் மறைக்கத் தெரியாதவன்.

"நொழைய மாட்டேங்குது, சாந்தாமணி. மேல கேரியர் வெச்சுட்டு இன்னொரு நாளைக்குப் போலாம்."

பின்சீட்டு முழுக்கக் காலியாகக் கிடந்தது.

அவன் அங்கே பார்க்கவேயில்லை. அவள் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"சீட்டு அழுக்காயிரும்" என்றான்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளுக்குக் கோபம் வந்தது. வந்தது நன்றாகவே இருந்தது.

"சக்கரத்தத் தொடச்சுட்டு வைங்க."

அவன் துணி எடுத்துவருகிறேன் என்று வீட்டுக்குள் போனான்.

நாற்காலி காருக்குப் பின்னால் வெயிலில் நின்றது. பக்கக் கண்ணாடியில் அதன் ஒரு சக்கரம் மட்டும் தெரிந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்தும் ஆயிற்று.

ஒரு துணி எடுக்க இவ்வளவு நேரமா?

அவள் வலது கையை எட்டும் வரை நீட்டி ஹாரனை அழுத்தினாள்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். தெருமுனையில் காய்வண்டிக்காரர் வண்டியை நிறுத்தித் திரும்பினார்.

நன்றாகப் பார்க்கட்டும்.

அவள் கையை எடுக்கவில்லை.