வேற்றுமுகம்

வீப்கே கை நீட்டியதுதான் தாமதம், யான்னஸ் வீடே அதிரும்படி வீறிட்டான். பிர்தேயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். போன மாதம்வரை தபால்காரர் தூக்கினால்கூடச் சிரித்த பயல்!

"என்னைக் கண்டாலே ஆகலை இவனுக்கு," என்றாள் வீப்கே.

"அட, வேத்துமுகம் பாக்குறான், அவ்வளவுதான்," என்றாள் பிர்தே. "எட்டு மாசத்துல எல்லாப் பிள்ளையும் இப்படித்தான். தன் மனுஷங்க யாருன்னு தெரிஞ்சுட்டா, மத்தவங்களைப் பாத்து அழும். அறிவு வந்துடுச்சுன்னு அர்த்தம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீப்கேயின் முகம் சுருங்கிவிட்டது.

ஒரு வாரமாகக் காலையில் பிள்ளையை வீப்கேயின் வீட்டுக்குத் தூக்கிவந்து, அவன் பழகும்வரை மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் பிர்தே. அவசரப்படுத்தக் கூடாது, பிள்ளை தானாக ஒட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். இன்று ஒட்டிக்கொண்டால், இனி அவள் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒரே ஒரு நாள் அழட்டுமே என்று அவள் மனது கெஞ்சியது. இப்படியும் ஒரு ஆசையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அவன் கண்ணைப் பாக்காத. தரையில உக்காந்து நீ பாட்டுக்கு எதையாவது தட்டு. அவனே வருவான்."

"கை நடுங்குது பிர்தே."

"இத்தனை மாசம் ஆஸ்பத்திரியில கெடந்துட்டு இப்பத்தான வந்திருக்க? நடுங்காம என்ன செய்யும்! உக்காரு."

வீப்கே உட்கார்ந்து மரக்கரண்டியால் சட்டியைத் தட்டினாள். அழுகை விக்கலானது, விக்கலும் நின்றது. யான்னஸ் பிர்தேயின் மடியிலிருந்து வழுக்கி இறங்கித் தவழ்ந்தான். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, வீப்கேயின் மடியிலேயே உட்கார்ந்து சட்டியை மொத்தத் தொடங்கினான்.

வீப்கேயின் கண்கள் நிறைந்துவிட்டன.

"உஸ், இப்ப நீ ஆரம்பிச்சிடாத," என்று சிரித்தபடியே பிர்தே யான்னஸின் துணிப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள். மே மாதம்தான்; ஆனாலும் பையில் பனிக்காலத்துக் கம்பளித் தொப்பிவரை எல்லாம் இருந்தது.

"கேரட் மசிச்சுக் குடுத்தா சாப்பிடுவான். தூக்கம் வந்தா காதைத் தேய்ப்பான். அப்பத் தூக்கிவச்சுக்கோ, சரியா?"

யான்னஸின் உச்சியில் முத்தமிட்டுவிட்டு எழுந்தாள். படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

மேலே ஜன்னல் திறந்தது. வீப்கே பிள்ளையை மார்போடு அணைத்து, அவன் கையைப் பிடித்து ஆட்டினாள்.

"ஆன்ட்டிக்கு டாட்டா காட்டுடா கண்ணா... அம்மா இருக்கேன்ல?"