ஆஷிக் கடைக்கு மட்டும் போகாதீங்க

"ஐ.டி. கம்பெனியில வேலைன்னு சொல்லித்தானே பொண்ணு கேட்டு வந்தீங்க மாப்ள? ஒரு லேப்டாப்பைச் சரிபண்ணத் தெரியாதா?"

ஆவடியில் மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த சரவணக்குமாருக்கு வாயில் இருந்த பஜ்ஜி இறங்கவில்லை. கேட்டவர் மாமனார் ஜெயராமன். அதையும் சமையலறையில் இருந்த மாமியார் தாட்சாயிணிக்கு நன்றாகக் கேட்கும்படி கேட்டார்.

அவன் ஐ.டி. கம்பெனியில் இருப்பது நிஜம்தான். ஆனால் சம்பளப் பிரிவில். யாருக்கு எத்தனை நாள் லீவு என்று பார்ப்பது அவன் வேலை. லேப்டாப்புக்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்கும் மாமியாருக்கும் ஒரே அளவுதான் தெரியும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஐ.டி. என்றால் கம்ப்யூட்டர் டாக்டர் என்று இரண்டு பக்கச் சொந்தமும் முடிவு கட்டி வருஷக்கணக்காகிறது.

தாட்சாயிணி கரண்டியோடு வந்தாள்.

"பெங்களூர்ல பேத்திகிட்ட பேசிக்கினே கீறேன் மாப்ள, திடீர்னு கொழந்தை மூஞ்சி மேல கலர் கலரா கோடு. அப்புறம் கறுப்பாயி அணைஞ்சே பூடுது. போன்ல பாத்தா மூஞ்சி நெல்லிக்கா சைசுக்குத் தெரியுது."

அத்தோடு விட்டிருக்கலாம்.

"பரவால்ல, ஞாயித்துக்கெழமை பெரிய மாப்ள வராரு. அவரு பாத்துக்குவாரு. போன தபா டிவியையே சரிபண்ணிட்டாரே."

பெரிய மாப்பிள்ளை தேவாவின் பேச்சு வந்தாலே சரவணக்குமாருக்கு வயிறு எரியும். சாமான் ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவன்தான் ஆம்பளை என்பது தாட்சாயிணியின் கட்சி. அந்தக் கட்சியில் இரண்டு வருஷமாகத் தேவாதான் தலைவர். சரவணக்குமாருக்கு உறுப்பினர் அட்டைகூடக் கிடைக்கவில்லை.

பக்கத்தில் இருந்த மனைவி ரோஷினி அவன் தொடையில் கிள்ளினாள்.

"குடுங்க அத்தை, நானே பாக்கறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பைக்கில் ஏறும்போது ஜெயராமன் வாசல்வரை வந்தார். தெருவுக்கே கேட்கிற குரல்.

"மாப்ள, கடை கிடைன்னு எங்கயும் குடுத்துடாதீங்க. அதுலயும் அம்பத்தூர் ஓ.டி.ல, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்து, மருந்துக் கடை மாடியில முகமது ஆசிக்னு ஒருத்தன் இருக்கான். ஆஷிக்னு போர்டு போட்டிருப்பான். அங்க மட்டும் போயிடாதீங்க. இந்த வீட்டு மாப்ள கடைக்குப் போனார்னு இருக்கக் கூடாது."

"உங்கப்பா மாதிரி கஞ்சனை நான் பாத்ததில்ல" என்றான் வழியில் ரோஷினியிடம்.

மேனாம்பேடு ஃப்ளாட்டில் வைத்தியம் தொடங்கியது. வைரஸ் இருக்கும் என்று துடைத்தான். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டான். சூடாகிறதோ என்று டேபிள் ஃபேனை எதிரில் வைத்தான். லெட்டர் அடித்தால் சாதுவாக இருந்தது. வீடியோவைத் திறந்தால் கோடு, பிறகு இருட்டு.

"படம் ஓடினாத்தான் சாகுது. அப்போ படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டுதான் போயிருக்கணும்" என்றான். அவனே கண்டுபிடித்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"மாத்துங்களேன்" என்றாள் ரோஷினி.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். முதல் ஸ்க்ரூ கழன்று ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஓடியது. தைரியமும் கூடவே ஓடிவிட்டது.

அவனுக்கு வழி தெரிந்த ரிப்பேர் கடை ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

"கரீட்டா கண்டுபுடிச்சிகினு வந்துகீறீங்க சார், கார்டுதான்" என்றான் ஆஷிக். சனிக்கிழமை சாயங்காலம் வேறு கார்டு போட்டுக் கொடுத்தான்.

"நான் வந்தது வெளியில தெரிய வேணாம்."

"நம்ம கடைக்கு வர்றவங்க முக்காவாசிப் பேர் அப்படித்தான் சார்" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குப் பரீட்சை இருக்கிறதென்று அவளையும் மனைவியையும் பெங்களூரிலேயே விட்டுவிட்டுத் தேவா மட்டும் வந்திருந்தான். தாட்சாயிணி லேப்டாப்பில் பேத்தியோடு ஆசைதீரப் பேசினாள். ஒரு கோடு வரவில்லை.

"சின்ன மாப்ள கைராசி இன்னான்னு இப்பத்தான் தெரியுது" என்று முதல் வடையைச் சரவணக்குமார் இலையில் வைத்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தேவா மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

கொல்லைப்பக்கம் கை கழுவும்போது தேவா நெருங்கி வந்தான்.

"சகல, எதிர்ச் சந்து, மருந்துக் கடை மாடிதானே?"

சரவணக்குமார் சட்டென்று குழாயை மூடினான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டிவியைத் தூக்கிக்கிட்டு அந்த மாடி ஏறினவன் நான். அங்க மட்டும் போயிடாதீங்கன்னு எனக்கும் மாமா அவ்வளவு தெளிவா வழி சொன்னாரே."

சரவணக்குமாருக்கு அப்போதுதான் புரிந்தது. கத்திப் பேசியதெல்லாம் சமையலறைக்கு; வழி மட்டும்தான் மாப்பிள்ளைக்கு. இந்த மனிதரைப் போய்க் கஞ்சன் என்றோமே என்று வெட்கமாக இருந்தது. அப்புறம் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

ஜெயராமன் துண்டோடு ஓடி வந்தார்.

"மெதுவா சிரிங்க. உங்க அத்தை காதுல விழுந்தா மூணு பேர் மானமும் போயிடும்."

"மூணாவது யாரு மாமா?"

ஜெயராமன் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஆஷிக்கோட வாப்பா காலத்துலேர்ந்து நம்ம வீட்டு மிக்ஸி அந்த மாடிக்குத்தான் போகுது. நான்தான் சரிபண்றேன்னு உங்க அத்தை இன்னும் நம்பிக்கிட்டிருக்கா."