சிவப்புப் பொத்தான்

2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில், மேசை ரம்பத்தில் ஆவுடையப்பனின் இடது கையில் இரண்டு விரல்கள் துண்டாயின.

பலகை பாதி அறுபட்டிருந்தபோது மின்சாரம் போயிருந்தது. சிக்கிய பலகையை எடுக்கக் கையை விட்டார். மின்சாரம் வந்தது.

"செவப்புப் பொத்தான அமுக்கிட்டுத்தான் கைய விட்டேன்" என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மனைவி மீனம்மாளிடம் சொல்லிக்கொண்டே போனார்.

முதலில் பார்க்க வந்தவர் அய்யாக்கண்ணு. முப்பது வருடச் சிநேகிதர். அந்தப் பழைய ரம்பத்தை விற்றவரும் அவர்தான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாப்ளே, பிளக்கப் புடுங்காம கைய விடாதேன்னு. அமுக்குனதா நெனச்சிருப்பே. அமுக்கியிருந்தா எப்புடி ஓடும்?"

சொன்னது உண்மைதான். தை மாதம் மிஷினை இறக்கிய அன்று, வேட்டியோடு பக்கத்தில் நிற்கக் கூடாது என்றார். பலகையைக் கையால் தள்ளாமல் குச்சியால் தள்ளிக் காட்டினார். பிளக்கைப் பற்றி மட்டும் மூன்று முறை சொன்னார்.

தானே ஒரு சேவலும் கொண்டுவந்து கொட்டகை வாசலில் அறுத்தார். மீனம்மாள் குழம்பு வைத்தாள். இவ்வளவு யோசிக்கிற சிநேகிதன் யாருக்கு வாய்ப்பான் என்று ஆவுடையப்பன் அன்று நினைத்தார்.

இப்போது அவர் யோசித்தது தன் அப்பாவைப் பற்றி. எரிகிற அடுப்பைக் காட்டி, அணைத்துவிட்டேன் என்று சாதித்தவர் அப்பா. கடைசி இரண்டு வருடம் பெற்ற பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்தொன்று.

கொட்டகையில் அவர் செய்து விற்றுவந்த தேனீப் பெட்டிகளுக்கு வந்த ஆர்டர்களைத் திருப்பிவிட்டார். மொபெட் சாவியை மீனம்மாளிடம் கொடுத்தார். பீரோவைப் பூட்டிவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று அவளை இழுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் இழுத்துப் பார்த்தாள்.

பத்தொன்பதாம் நாள் அய்யாக்கண்ணுவின் மகன் கவியரசன் மாதுளம்பழத்தோடு வந்தான். திருப்பூரில் வேலை. அவனுக்கும் வலது கையில் மூன்று விரல் இல்லை. போன வருடம் பைக் விபத்து. கட்டோடு படுத்திருந்தவனுக்குக் கஞ்சி ஊட்டியவர் ஆவுடையப்பன்.

"ரெண்டு பேரு கையையும் கூட்டுனா பதினஞ்சு வருது மருமகனே" என்றார்.

அவன் சிரிக்கவில்லை. கொட்டகை வாசலைத் தாண்டி உள்ளேயும் வரவில்லை. மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தச் சுவிட்ச அப்பா மாத்தாமயா குடுத்தாரு?"

ஆவுடையப்பன் நிமிர்ந்தார்.

"சில நேரம் செவப்ப அமுக்குனாலும் உள்ள கரண்டு கட்டாகாது மாமா. எனக்கும் கரண்டு போயிட்டு வந்தப்பத்தான்."

தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பைக்குன்னு சொல்லச் சொன்னாரு. ரத்தம் பாத்த மிஷின நம்ம பக்கம் யாரு வாங்குவா? ஒரு சேவல குடுத்துட்டா அது அடங்கிரும்னாரு."

மீனம்மாள் காபியோடு வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, டம்ளர்களை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆவுடையப்பனின் போன் அடித்தது. அய்யாக்கண்ணு. விபத்து நடந்த நாளிலிருந்து தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டு விசாரிக்கிறவர்.

"வலி எப்புடி இருக்கு மாப்ளே? இந்த மறதிக்கெல்லாம் தஞ்சாவூர்ல ஒரு டாக்டர் இருக்காராம். நானே கூட்டிட்டுப் போறேன், ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவமா?"

கவியரசனுக்கும் அது கேட்டது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"பாப்போம்" என்று சொல்லி ஆவுடையப்பன் போனை வைத்தார்.

மறுநாள் கோபிநாத் என்ற எலக்ட்ரீஷியன் கீரனூரிலிருந்து வந்து சுவிட்சை மாற்றினார். பத்து நிமிடம் ஆனது.