இந்தத் தடவை உடையாது

“இறங்கும்மா, வண்டியை மேலே ஏத்தணும்” என்றார் மெக்கானிக்.

மகள் இறங்கினாள். லிஃப்டில் ஏற்றும் வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது. தொழிலில் உள்ள விதிகளிலேயே அவருக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

மாப்பிள்ளை வாசலில் நின்று, போனில் யாரிடமோ தன் வண்டியின் அருமை பெருமைகளை அளந்துகொண்டிருந்தான்.

கல்யாணமான புதிதில் அவன் ஸ்பிரிங்கை வெட்டி, வண்டியின் வயிறு தரையைத் தொடுகிற மாதிரி இறக்கிக்கொண்டு வந்தான். அன்றைக்கு இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “இது உட்கார்ந்து போற வண்டியா மாப்பிள்ளை, படுத்துப் போற வண்டியா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். நாலு பேரும் சிரித்துத் தொலைத்தார்கள். அன்றோடு மகள் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

ஆனால் கோபம் வேறு, ஓசி வேறு. வண்டி உடைந்தால் மாமனார் பட்டறைக்குத்தான் வருவான். காசு கேட்டுவிடக் கூடாதே என்று மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வருவான். வீடு பட்டறைக்குப் பின்னால் இருந்தது. பட்டறை என்பது வீடு இல்லையே, அதனால் அவன் போட்ட சட்டத்துக்கும் பங்கமில்லை. தாய்க்காரி டீயை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். வேலை முடியும் வரை இருவரும் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள்.

அந்தப் பேச்சுக்காகத்தான் வண்டி உடைந்துகொண்டே இருந்தது.

ஏன் உடைகிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வண்டியை இறக்கினால் கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் நேராக இல்லாமல் சாய்ந்து கிடக்கும். அதன் முனையில் இருக்கும் ஜாயிண்ட், நேர் ரோட்டிலும் மடங்கியபடியே சுற்றும். உள்ளே உருளும் இரும்புக் குண்டுகள் சூடேறும். ரப்பர் உறை கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும், மண் உள்ளே போகும். திரும்பும்போதெல்லாம் டக்டக்கென்று கத்தும். அப்புறம் ஒருநாள் நடுரோட்டில் காலை நீட்டிவிடும்.

வைத்தியமும் அவருக்குத் தெரியும். கெட்டியான எஃகில் செய்த ஷாஃப்ட், அதற்கேற்ற பெரிய ஜாயிண்ட், சூடு தாங்கும் கிரீஸ். எஞ்சின் உட்காரும் இடத்தில் தகடு வைத்து அதைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் ஷாஃப்டின் சாய்வும் குறையும். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி பழையபடி தரையைத் தேய்த்துக்கொண்டுதான் நிற்கும்.

தெரிந்தும் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் மட்டமான ஜாயிண்டையே மாட்டி, “பார்த்து ஓட்டுங்க மாப்பிள்ளை” என்று அனுப்பிவைத்தார். சீக்கிரமே திரும்பி வருவாள் பார் என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரித்ததில்லை. “வேண்டாங்க, நடுரோட்டுல நின்னா பிள்ளைக்குத்தானே கஷ்டம்” என்பாள். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இன்று மகள் டயர் பக்கம் போகவில்லை. அம்மா டீயோடு காத்திருக்க, நேராக வண்டிக்கு அடியில் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, இந்தத் தடவை உடையாத மாதிரி போட்டுடுங்க. வண்டி நிக்கிற அன்னிக்கெல்லாம் அவர் என்னைத்தான் அடிக்கிறாரு.”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நீங்க ஏன் மட்டமானதைப் போடுறீங்கன்னு எனக்கு முதல்லேயே தெரியும். அம்மாவைப் பார்க்கலாமேன்னு நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே முடியாதுப்பா.”

அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் கூடத் தேவலை. அடித்தது அவன், அதற்கு நாள் குறித்துக் கொடுத்தது தான்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பந்தய வண்டிக்காரர் ஒருவருக்காக வரவழைத்திருந்த ஷாஃப்டையும் ஜாயிண்டையும் எடுத்தார். எஞ்சினைத் தூக்கித் தகடு வைத்தார். ஒரு போல்ட்டைக்கூட இரண்டாவது முறை முறுக்கிப் பார்க்காமல் விடவில்லை. வாழ்நாளில் அவர் இத்தனை சுத்தமாக எந்த வேலையையும் செய்ததில்லை.

“இன்னும் எவ்வளவு நேரம் மாமா?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

“இருங்க மாப்பிள்ளை. இனி ஜென்மத்துக்கும் நீங்க இந்தப் பக்கம் வர வேண்டாத மாதிரி பண்ணித் தர்றேன்.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவின் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது.

வண்டி இறங்கியது. மாப்பிள்ளை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினான். சத்தமே இல்லை. வாயெல்லாம் பல்லாக வந்து நின்று, “ஏறு” என்றான் மனைவியிடம்.

“நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை. அவ வரமாட்டா.”

அவன் கத்தினான். கையில் பெரிய சுத்தியலோடு நிற்கிற மாமனாரிடம் யாராலும் அதிக நேரம் கத்த முடியாது. தெருவும் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. கதவை அறைந்து சாத்திக்கொண்டு கிளம்பினான். தெரு முக்கில் வெறியோடு திருப்பியபோதும் ஜாயிண்ட் மூச்சுவிடவில்லை.

மனைவி மகளை அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அவரும் பின்னாலேயே படி வரை போனார்.

உள்ளே மகளின் முதுகைப் பார்த்த மனைவி, “அடப்பாவி!” என்று அலறுவது கேட்டது.

யாரைச் சொன்னாள் என்று போய்க் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.