மார்கிட் எழுதாத கடிதம்

“கடிதமா? அதுக்கென்ன இப்ப அவசரம், லின்? மொதல்ல அந்தப் பல்லை கோலாவுலேர்ந்து வெளிய எடு.”

“எடுத்துடறேன், மார்கிட். ஆனா எழுதித் தருவீங்கல்ல?”

“பல்லை எடுன்னு சொன்னேன்.”

பிப்ரவரி மாதம் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் மார்கிட்டோடு நடந்த இந்தப் பேச்சை, மே மாதம் பிறந்த பிறகும் லினியா மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதித் தருகிறேன் என்று மார்கிட் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மினசோட்டாவின் ஏரிக்கரை ஊர் ஒன்றில், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள் லினியா. பல் மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது எட்டாம் வகுப்பிலிருந்தே ஆசை. வேதியியலில் வாங்கிய மதிப்பெண்தான் வெளியில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவளைக் கரையேற்றப் போவது ஆராய்ச்சிதான், அதை நடத்துபவரே பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தால் இடம் கிடைத்த மாதிரி என்று பல்கலைக்கழக ஆலோசகர் சொல்லியிருந்தார்.

ஆராய்ச்சி என்றால், குளிர்பானத்தில் ஊறும் பல்லின் எனாமல் எத்தனை நாளில் எவ்வளவு மெலிகிறது என்று அளப்பது. இரண்டு வருடமாக மார்கிட்டின் கீழ் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். மனிதப் பல் கேட்டவுடன் கிடைக்காது. எனவே மாட்டின் முன்பல். அதற்கு லினியாவின் அப்பா ஆர்லன் இருந்தார். ஊரில் இறைச்சிக் கடை அவருடையது. வெள்ளிக்கிழமைதோறும் பிக்கப் வண்டியில் ஒரு வாளி பல்லை அவரே ஆய்வுக்கூடத்தில் கொண்டுவந்து இறக்குவார். குளிர்பெட்டியில் இனி ஒரு பல்லுக்குக்கூட இடமில்லை என்று லினியா சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. மகளின் படிப்பு என்றால் அப்பாவுக்கு அப்படி ஒரு வேகம்.

அவரிடம்தான் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது கொட்டித் தீர்த்தாள். மார்கிட் கடிதப் பேச்சை எடுத்தாலே நுண்ணோக்கிக்குள் தலையை விட்டுக்கொள்வதையும், முந்தின நாள் நடைபாதையில் தன்னைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனதையும் சொன்னாள்.

“அவங்களை ரொம்ப நெருக்காத, குட்டி,” என்றார் ஆர்லன். “அவங்களுக்கு என்ன சங்கடமோ.”

“நீ யார் பக்கம், அப்பா?”

ஆர்லன் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டார். அம்மா இறந்து ஒன்பது வருடம். அந்த மேசையில் அப்பாவிடம் கோபித்துக்கொண்டால், முறையிட இன்னொரு ஆள் கிடையாது. லினியா தட்டையே முறைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

கடிதங்களை வாங்கிச் சேர்த்து அனுப்புவது பல்கலைக்கழக அலுவலகத்தின் வேலை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் மதியம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு லினியா ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். மார்கிட் தனியாக இருந்தார். ஐம்பது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு, நறுக்கென்ற பேச்சு. இன்று என்னவோ, ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் கடைசி நாள், மார்கிட்.”

“தெரியும்.”

“என் வேலை சரியில்லைன்னா நேரா சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்.”

தாங்கிக்கொள்கிற குரலாக அது இல்லை. மார்கிட் துணியைக் கீழே வைத்தார். தன்னிடம் இதுவரை பதினோரு மாணவர்கள் வேலை செய்திருக்கிறார்கள் என்றார். ஒரு அளவு தப்பாக வந்துவிட்டது என்று தானே வந்து ஒத்துக்கொண்டு, யாரும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்பது பல்லையும் முதலிலிருந்து அளந்தது ஒரே ஒரு ஆள்தான் என்றார். அந்த ஆள் யார் என்று லினியா கேட்கத் தேவையிருக்கவில்லை.

“உன் கடிதம் காலையிலயே ஆபீசுக்குப் போயாச்சு, லின். துறைத் தலைவர் எழுதினார். எழுத வேண்டியதை நாலு பக்கத்துக்கு நான்தான் குறிச்சுக் கொடுத்தேன். படிச்சுட்டு, இந்தப் பொண்ணை ஏன் வெளிய அனுப்பணும், நாமளே வெச்சுக்கலாமேங்கறார்.”

துறைத் தலைவரே! லினியாவுக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. பக்கத்தில் கண்ணாடிச் சாமான்கள் இருந்ததால் அடக்கிக்கொண்டு மார்கிட்டின் கையைப் பிடித்து உலுக்கினாள். அதன் பிறகுதான் உறைத்தது.

“நாலு பக்கம் எழுதத் தெரிஞ்சவங்க, கீழ ஒரு கையெழுத்து போட்டிருக்கலாமே? என்னை ஏன் மூணு மாசம் அழ விட்டீங்க?”

மார்கிட்டின் முகம் காது வரை சிவந்தது. இழுப்பறையைத் திறந்து, அலுவலகம் கொடுத்த படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் மூன்றாவது வரியில் விரலை ஊன்றினார். விண்ணப்பதாரரின் உறவினர் எழுதும் கடிதம் ஏற்கப்படாது என்று இருந்தது.

லினியா அதை இரண்டு முறை படித்தாள். “ஆனா நீங்க எனக்கு உறவு இல்லையே, மார்கிட்.”

“இன்னிக்கு இல்ல. உங்க அப்பா என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேட்டு மூணு மாசம் ஆச்சு. உன்னைக் கேக்காம அவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனசு வரல, லின். உங்க வீட்டுக்கு நான் வரட்டுமா?”