பழகிப்போன மாடுகள்

“தாத்தா! ஓ தாத்தா! எழுந்திரு, எல்லைக்கு வந்துட்ட!”

சிட்டிபாபு வண்டிச் சட்டத்தைத் தடியால் தட்டினான். கடலைக்காய் மூட்டைகளின்மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கன்னையா பதறியடித்துக்கொண்டு எழுந்தார்.

“எந்த ஊரு நைனா இது?”

“ஊத்துக்கோட்டை ரோடு. செக்போஸ்ட். வரிச் சீட்டு இருக்குதா?”

“ஐயையோ! நான் புத்தூர் சந்தைக்கு இல்ல கெளம்பினேன்! அதுக்குச் சீட்டு எதுக்குன்னு வாங்கல. நாகலாபுரத்துல மேக்கால திரும்பிடும்னு நம்பிப் படுத்துக்கினு இருந்தேன். பாவி மாடுங்க மோசம் பண்ணிடுச்சே!”

அந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், இந்தப் பக்கம் ஆந்திரா என்று எல்லை பிரித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சிட்டிபாபு காவலுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு தடவை ஏமாந்திருந்தான். வரி கட்டாமல் இன்னொரு மூட்டை தாண்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அதிகாரி நேற்றுதான் குதித்துவிட்டுப் போனார். கல்யாணம் நிச்சயமான நேரம். வேலை போனால் பெண் வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது?

“மாட்டு மேல பழி போடாத தாத்தா.”

“பின்ன யாரு மேல போடுறது? பத்து வருஷமா ஊத்துக்கோட்டைக்கே போய்க்கினு வந்துக்கினு இருந்த காலு. எல்லை மாறிடுச்சுன்னு எங்களுக்குச் சொன்னீங்க. மாட்டுக்கு யாரு சொன்னது?”

திருப்பதி டவுனில் வளர்ந்த சிட்டிபாபுவுக்கு, பால் கொடுக்கும் என்பதைத் தவிர மாட்டைப் பற்றி வேறொன்றும் தெரியாது. சிரிப்பு வந்தது. கிழவர்மேல் இரக்கமும் வந்தது.

“வயசாயிட்டா மாடானாலும் மனுசனானாலும் மூளை கட்டையாயிடும் தாத்தா. நயா பைசா வந்து மூணு வருஷமாச்சு, எங்க நைனா இன்னும் அணாவுலதான் பேசறாரு. நாமதான் கொஞ்சம் மாத்திக்கணும்.”

“நெசம்தான் நைனா. நம்ம புத்தியும் அப்படித்தான் ஆயிடுச்சு” என்று கன்னையா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

“சரி, வண்டியத் திருப்பு.”

கன்னையா கயிற்றை இழுத்தார். மாடுகள் அசையவில்லை. சிட்டிபாபு போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான். வலப்பக்கத்து மாடு ஒரு சீறு சீறியது. இரண்டடி பின்னால் குதித்தான். அதற்குள் பின்னால் ஒரு பஸ் வந்து நின்று, ஆரனை அழுத்தி ஊரைக் கூட்டியது.

“இங்க திரும்பாதுங்க நைனா. அந்தாண்ட புளியந்தோப்புலதான் எப்பவும் தண்ணி காட்டுவேன். அங்க போனாத்தான் என் பேச்சைக் கேக்கும்.”

“போய்த் தொலை. திருப்பிக்கினு ஒடனே வந்துடணும்!”

“வராம எங்க போயிடப் போறேன்?”

குறுக்கு மூங்கில் உயர்ந்தது. வண்டி போகிற வேகத்தைப் பார்த்து, பழக்கம் என்றால் இதுதான் என்று சிட்டிபாபு வியந்துபோனான்.

பஸ் போயிற்று. வெயில் ஏறிற்று. வண்டி மட்டும் வரவில்லை. கன்னையாவின் பக்கத்து வீட்டுக்காரர் ரங்கையா அந்தப் பக்கம் போகச் சைக்கிளில் வந்தபோது, சிட்டிபாபு மூங்கிலைத் தாண்டிப் போய்த் தோப்புப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க ஊரு கன்னையா தாத்தாவைப் பாத்தா கொஞ்சம் ஒதவி பண்ணுய்யா. மாட்டைத் திருப்ப முடியாம தோப்புல தவிக்கிறாரு போல. பத்து வருஷப் பழக்கம், லேசுல போவுமா?”

ரங்கையா காலை ஊன்றி நின்றார்.

“பத்து வருஷமா? அந்த மாடுங்கள முந்தாநாள்தானே பங்காருபாளையம் சந்தையிலேர்ந்து புடிச்சாந்தாரு! ஊத்துக்கோட்டை எந்தத் திக்குன்னே அதுங்களுக்குத் தெரியாதே!”