போதும் என்னும்வரை

வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த வாரப் பாடம், பக்கத்தில் இருப்பவரின் எதிர்காலத்தைக் கணித்துச் சொல்வது. ஒருத்தி சொன்னதை வகுப்பே சேர்ந்து சொல்ல வேண்டும். நான் போதும் என்னும்வரை நிறுத்தக்கூடாது. திங்களன்று ஜெசிந்தா, இசக்கியம்மாளிடம், "உன் வீட்டுக்காரர் திரும்பி வருவார்" என்றாள். பல வருடமாகக் காணாமல் போயிருந்தவர் மறுநாளே வந்து நின்றார். புதனன்று ஸ்டெல்லாவிடம், "உன் வீட்டுக்கு ஊரே வரும்" என்றாள். கல்யாணம் என்று சிரித்தோம். அவள் அப்பாவின் சாவுக்கு வந்தது. இன்று ஜெசிந்தாவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"நான் யாருக்கு சார் சொல்ல?"

படித்தவர்களுக்கு என்ன இந்தப் பயம் என்ற எரிச்சலில், காலி நாற்காலியில் நானே போய் உட்கார்ந்தேன். "எனக்குச் சொல்லும்மா."

என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "வேண்டாம் சார், விட்டுருங்க."

"பாடம்தானே, சொல்லு."

தலையைக் குனிந்துகொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "நாளைக்கு எங்களுக்குப் புது வாத்தியார் வருவார்."

வழக்கம்போல வகுப்பு அதை உரக்கச் சொல்லத் தொடங்கியது. திரும்பத் திரும்ப, என் வாயையே பார்த்தபடி சொன்னார்கள். நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.